பால் கொடுத்த நேரம்

விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் மாலை நான்கு இருபது.

பால் கொடுத்ததைக் குறிக்கும் அட்டையில் இரண்டு மணிக் கட்டம் காலி. நான்கு மணிக் கட்டமும் காலி.

குழந்தை நீல விளக்கின் கீழே கிடந்தான். கண்களை மூடி வெள்ளைத் துணிப்பட்டை. பிறந்து மூன்று நாள். மஞ்சள் காமாலை. பால் உள்ளே போனால்தான் மஞ்சள் வெளியே போகும், இரண்டு மணிக்கொரு முறை எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவன் அழவில்லை.

அழுதிருந்தால் அவள் எழுந்திருப்பாள்.

வயிற்றுத் தையலைக் கையால் தாங்கிக்கொண்டு இறங்கினாள். அவனை எடுத்து மார்பில் வைத்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். காது மடலைத் தேய்த்தாள்.

மூன்று முறை உறிஞ்சினான். பிறகு வாய் தளர்ந்துவிட்டது.

திரும்பவும் விளக்கின் கீழே கிடத்தினாள். பேனாவை எடுத்தாள்.

2.00 – வலது 15 நிமிடம், இடது 10.

4.00 – இடது 15, வலது 10.

பக்கத்தை மாற்றி எழுத மறக்கவில்லை.

கல்லூரியில் இப்படித்தான். வேதியியல் ஆய்வகத்தில் விடை முதலில் தெரிந்துவிடும். அதற்கேற்ற அளவீடுகளைப் பின்னாலிருந்து எழுதுவார்கள். ரெக்கார்டு நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. எல்லோரும் எழுதினார்கள். உப்புக் கரைசலுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

நேற்று ஐந்து நிமிடத்தைப் பத்து என்று எழுதியதில் ஆரம்பித்தது.

நேற்று மாலைதான் ஜெசிந்தா சிஸ்டர் அவளுடைய அட்டையைத் தூக்கி வார்டு முழுக்கக் காட்டினார்.

"பாருங்கம்மா. சார்ட்டுன்னா இப்படி இருக்கணும். நீங்களும் எழுதுறீங்களே, கோழி கிண்டுன மாதிரி."

அதற்குப் பிறகு ஒரு கட்டத்தையும் காலியாக விட முடியவில்லை.

நாலே முக்காலுக்கு சிஸ்டர் வந்தார். தோளில் இரத்த அழுத்தக் கருவி. காலை ஏழு மணியிலிருந்து இருக்கிறார். மதியம் வர வேண்டியவர் வரவில்லை. முப்பத்திரண்டு கட்டில்கள்.

"குடிச்சானா?"

"ம்."

வரிகளின் கடைசிக் கட்டத்தில் சிஸ்டரின் கையெழுத்து விழுந்தது. இரண்டு மணிக்கு ஒன்று. நான்கு மணிக்கு ஒன்று.

"தொர கண்ணக் கட்டிக்கிட்டு வெயில் காயிறாரு. நீ ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

சிரிக்க முயன்றாள். தையல் இழுத்தது.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். குழந்தையைத் தராசில் வைத்தார்.

இரண்டு கிலோ ஐந்நூற்றுப் பத்து.

பிறந்தபோது இரண்டு எண்ணூற்று அறுபது. அவள் மனதுக்குள் வகுத்தாள். பன்னிரண்டு சதவீதம் இறங்கியிருந்தது. மறுபடியும் வகுத்தாள். அதேதான் வந்தது.

டாக்டர் அட்டையை மேலிருந்து கீழே படித்தார்.

"இவ்வளவு ஒழுங்கா குடிச்சும் எடை இறங்குதுன்னா வேற ஏதோ இருக்கு சிஸ்டர். கிருமித் தொற்றா இருக்கலாம். இங்க வச்சுப் பாக்க முடியாது. கையில ஊசி போட்டு லைன் எடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். ஆம்புலன்ஸ் சொல்லுங்க."

சிஸ்டர் குழந்தையின் கையைத் திருப்பி நரம்பைத் தேடினார். விரல் அகலம்கூட இல்லாத மணிக்கட்டு.

"மேடம்."

அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

"மேடம், அது நான் சும்மா எழுதினது."

"எது?"

"ரெண்டு மணி, நாலு மணி. காலைல பத்து மணியும். தூங்கிட்டேன். எழுப்பினாலும் அவன் சரியா குடிக்கல. நேத்தும்… நேத்தும் பாதி அப்படித்தான்."

பக்கத்துக் கட்டிலில் டம்ளரில் காபி ஆற்றும் சத்தம் நின்றது.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார். கடைசிக் கட்டங்களைப் பார்த்தார். வரிசையாக ஒரே கையெழுத்து.

"ஜெசிந்தா."

சிஸ்டர் குழந்தையின் கையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கேட்டேன் மேடம். பாக்கல."

"ரத்தம் மட்டும் எடுத்து அனுப்புங்க. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில குடுக்கட்டும். ராத்திரி எடை பாத்துட்டு முடிவு பண்ணலாம்." டாக்டர் சிஸ்டரிடம் அட்டையை நீட்டினார். "பக்கத்துல உக்காந்து பாத்துட்டுக் கையெழுத்து போடுங்க."

ஆறு மணிக்கு சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். பாதங்கள் வீங்கி, வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது.

அவள் எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சினாள். வலித்தது. கிண்ணத்தின் அடி மறையவே வெகுநேரம் ஆயிற்று. சிரிஞ்சில் அளந்தாள். இருபது மில்லி.

சங்கு போலிருந்த பாலாடையின் மூக்கை அவன் கடைவாயில் வைத்துச் சாய்த்தாள்.

ஒரு சொட்டு.

தொண்டை அசையும்வரை காத்திருந்தாள்.

அசைந்தது.

அடுத்த சொட்டு.

பாதியில் தூங்கினான். உள்ளங்காலைச் சுண்டினாள். முகத்தைச் சுளித்தான். அன்றைக்கு முதல்முறையாக அழுதான். மெலிந்த, கோபமான அழுகை. அழுது முடித்து விழுங்கினான்.

பாலாடை காலியானபோது ஆறு நாற்பது. அவனை விளக்கின் கீழே கிடத்தினாள்.

சொல்வதற்காகத் திரும்பினாள்.

சிஸ்டரின் தாடை மார்பில் கவிழ்ந்திருந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. பேனா விரல்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

விழுவதற்கு முன் அதை எடுத்தாள்.

6.00 – பாலாடை, 18 மி.லி. சிந்தியது 2.

எழுதியதை ஒருமுறை படித்தாள்.

நீல வெளிச்சம் சிஸ்டரின் இமைகளில் விழுந்தது. ஒரு கையால் தையலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விளக்கின் ஓரத் திரையை இழுத்து மறைத்தாள்.

கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.