பிளோமினாவின் மூக்கு

ஐஸ் கம்பெனியில் அம்மோனியா ஓடும் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் சவரிமுத்துவுக்கு மூக்கு செத்துப்போய் நாளாயிற்று. அந்த வாயுதான் தண்ணீரைக் கட்டியாக்குகிறது. வெளியே கசிந்தால் ஆளையும் கட்டையாக்கிவிடும். மூக்கு போன விஷயம் முதலாளிக்குத் தெரிந்தால் வேலையும் போய்விடும். சுவரில் மாட்டிய அலாரப் பெட்டியை அவர் நம்பவில்லை. கரண்ட் போனால் அதுவும் தூங்கிவிடும். மதியச் சோறு கொண்டுவரும் மனைவி பிளோமினாவின் மூக்கைத்தான் நம்பினார். அவள் குழாய்களைச் சுற்றி வந்து "ஒண்ணும் மணக்கல" என்று சொன்ன பிறகே தூக்குச்சட்டியைத் திறப்பார்.

அன்றும் அவள் அப்படியே சொன்னாள். சொன்ன கையோடு தும்மினாள்.

"சளியா?"

"ரெண்டு மூணு நாளா. சொன்னா நீங்க சோறு திங்க மாட்டீங்களே."

சவரிமுத்து அவளை வெளியே கொண்டுபோய்க் காற்று வரும் பக்கம் நிற்கவைத்தார். ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, அம்மோனியா பட்டால் புகை வெளுக்கும் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய்மூட்டு ஒவ்வொன்றிலும் காட்டினார். கடைசி வால்வில் மெல்லிய புகை பாலாகத் திரண்டது. கசிவு அங்கேதான். வால்வை இறுக்கிவிட்டு மறுபடி காட்டினார். புகை வெளுக்கவில்லை.

வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து சட்டியைத் திறந்தார்.

"அப்ப இனிமே நான் வர வேண்டாமா?"

"திரி மீன்கொழம்பு வைக்குமா?"

"வச்சாலும் உங்களுக்கு மணமா தெரியப்போவுது?"

"நீ பொய் சொல்றதும்தான் தெரியல" என்றவர், முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.