கேம் பெட்டிக்குப் பொட்டு

“பேரனுக்கா?” என்று கடைக்காரர் கேட்டபோது, “எனக்குத்தான்” என்றாள் தமயந்தி. வீட்டுக்கு வந்ததும் வீடியோ கேம் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, கையேட்டுப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒயர்களைத் தானே செருகினாள்.

கணவன் இறந்த பிறகு இந்த மூன்று வருடங்களில் வீட்டுக்கு வந்த மிக்ஸிக்கும் பிரிட்ஜுக்கும் பொட்டு வைத்தது ஓரகத்தி வசுமதிதான். கூப்பிடாமலே மாடியிலிருந்து இறங்கி வருவாள். இன்றும் குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள்.

“சுவிட்சப் போட்றாதீங்கக்கா. ஒரு பொட்டு வெச்சிர்றேன்.”

“சிமிழக் குடு வசு.”

“நீங்க எப்படிக்கா...”

“வாங்கினது நான். ஒயர் மாட்டினது நான். விளையாடப் போறதும் நான்தான். பொட்டு வைக்க மட்டும் நீ எதுக்கு?”

வசுமதி சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். சிமிழை நீட்டவுமில்லை, மூடவுமில்லை. தமயந்தி எட்டி விரலைத் தோய்த்தாள். பெட்டியின் நடுநெற்றியில் கொழுத்த ஒரு பொட்டு வைத்து, பொத்தானை அழுத்தினாள். பொட்டுக்கு அடியிலிருந்த வெள்ளை விளக்கு குங்குமத்தினூடே சிவப்பாக எரிந்தது.

விரலில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“தொடச்சிருங்கக்கா” என்று வசுமதி தன் முந்தானையை நீட்டினாள்.

டிவி இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. அதில் தமயந்தியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவள் குனிந்து, திரையில் வெளிச்சம் வருவதற்குள் அந்த விரலை நெற்றிக்கு உயர்த்தினாள்.