ஆட்டுக்குக் கொஞ்சம் தழை

காலையில் கொட்டகைப் பக்கம் போன மாமியாருக்குப் பகீரென்றது. ஆடு மென்றுகொண்டிருந்தது பீன்ஸ் செடி. அதுவும் இப்போதுதான் இலை விட்ட பிஞ்சுச் செடி!

தங்கள் வயலில் இன்னும் விதையே போடவில்லை. பக்கத்தில் பீன்ஸ் போட்டிருப்பது மாப்பிள்ளை ஒருத்தர்தான்.

"என்னங்க இது அநியாயம்?"

கையில் களைக்கொத்தோடு நின்ற மாமனார் திருதிருவென்று விழித்தார். "கத்தாதேடி. ஆட்டுக்குக் கொஞ்சம் தழை, அவ்வளவுதான்."

அடப்பாவி மனுஷா! மாமியாருக்குப் புரிந்துவிட்டது.

தொழிற்சாலையை மூடியதும் வேலை போய், இந்த ஒரு வயலை நம்பித்தான் மாப்பிள்ளை இவர்கள் மகளோடு இங்கே வந்திருந்தார். டிராக்டரை மேலும் கீழும் விட்டு மண்ணை மாவாக்கினார். விதையை அள்ளி அள்ளிப் போட்டார்.

"இவ்வளவு பொடியா உழுதா ஒரு மழைக்கே மேல்மண் இறுகிடும் மாப்பிள்ளை. முளை வெளியே வரத் திணறும். இப்படி நெருக்கிப் போட்டா ஒரு செடியும் தேறாது."

"நிறைய போட்டாத்தானே மாமா நிறைய விளையும்? வேலை போனாலும் போச்சு, ஆளாளுக்குப் புத்தி சொல்ல வந்துடறீங்க."

"அப்ப விளங்கினாப்பலதான்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்தான் மாமனார்.

சொன்ன வாக்கு பலிக்கணும் என்று இப்போது தானே போய்க் கொத்திப் பிடுங்குகிறாரே! இதுவும் போனால் பெண்ணின் கதி? மாப்பிள்ளையோ வெயில் சுள்ளென்று அடித்தால்தான் கண் விழிப்பார். வெளியே சொன்னால் மானம் போகும்.

மாமியார் பேச்சை நிறுத்தினார். சாப்பாட்டுத் தட்டை மட்டும் நங்கென்று வைத்தார். ஆடு கொழுத்தது.

அறுவடையன்று பார்த்தால், மாப்பிள்ளை வயலில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது!

நம்ப முடியாமல் மாமியார் குனிந்து இலைகளை விலக்கினார். செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி, அளந்து வைத்தாற்போல. அடியில் மண் பொலபொலவென்று கொத்திவிடப்பட்டிருந்தது.

அந்தக் களைக்கொத்தின் வேலை! மாமியார் நிமிர்ந்து புருஷன் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏங்க, இத்தனை நாளா என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"உன் வாயில ஒண்ணு நிக்குமா? வேலை போய் நொந்து கிடக்கிற மனுஷன்டி. இதையாவது தானே ஜெயிச்சோம்னு நிமிர்ந்து நடக்கட்டும்."

அதற்குள் மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டார்.

"பார்த்தீங்களா மாமா? என்னமோ ஒரு செடியும் தேறாதுன்னீங்க! அடுத்த தடவை உங்க வயலையும் நானே உழுது, இதைவிட நெருக்கமா விதைச்சுத் தர்றேன்!"

"தாராளமா செய்ங்க மாப்பிள்ளை. எனக்கு என்ன தெரியும்?" என்ற மாமனார், மனைவி காதருகே குனிந்தார்.

"இன்னொரு ஆடு வாங்கணும்டி."