பெயர் சொல்லிக் கூப்பிட்டார்

ஒரு கணினி அடிக்கடி நீலத்திரை காட்டிப் படுத்துக்கொண்டது. பழுது பார்க்க வந்த எபனேசர் வழக்கம்போல மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டிவிட்டுப் போனார். மறுநாளும் படுத்துக்கொண்டது.

"டிரைவரண்ணே, இது உங்க வேலைதானே? தேய்ப்பு வாங்குறது நான்!" என்றது மெமரி, நெட்வொர்க்கை இயக்கும் டிரைவர் மென்பொருளிடம்.

"இத்தனை வருஷமா நெட்வொர்க்ல வர்றதையெல்லாம் உள்ளே கொண்டாந்தது நான்தான். யாராவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களா? படுத்துட்டாதானே தேடுவாங்க," என்றது நெட்வொர்க் டிரைவர்.

மீண்டும் வந்த எபனேசர் இம்முறை மெமரியைத் தொடவில்லை. கணினி எதனால் விழுந்தது என்று திரையில் தேடி, டிரைவரின் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

"இங்கேதான் இருக்கேன்!" என்றது டிரைவர்.

எபனேசர் அதை நீக்கிவிட்டு வேறொன்றைப் போட்டார். புதியதன் பெயரை அவர் பார்க்கவேயில்லை.