நாலு மணிக்குள் ஒரு தலை

குளியலறைக் கதவைத் தாழிட்டதும் அப்பா முதலில் ஜன்னலைச் சாத்தினார். போன முறை பாப்பா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அலமாரியில் இரண்டு கண்ணாடி டம்ளர் விரிசல் விட்டுவிட்டதாகப் புகார் வந்திருந்தது.

பாப்பாவுக்கு இரண்டரை வயது. தலையில் சுருள் சுருளாக ஒரு காடு. அந்தக் காட்டுக்குள் பத்து நாள் கஞ்சி, மெழுகு பென்சிலில் பாதி, ஒரு சட்டைப் பொத்தான், வெளியே வர வழி தெரியாத ஓர் எறும்பு.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே அம்மா தீர்ப்பை வாசித்துவிட்டுப் போயிருந்தாள்.

"நாலு மணிக்கு நான் வரும்போது முடிவெட்டறவரையும் கையோட கூட்டிட்டு வருவேன். அதுக்குள்ள நீங்க அவ தலைக்கு ஊத்தி, சிக்கெடுத்து வெச்சிருந்தா சுருட்டை தப்பிக்கும். இல்லேன்னா ஒட்ட வெட்டிடச் சொல்லிட்டேன். அவ அழுகை, உங்க கொஞ்சல், ரெண்டையும் இனிமே என்னால கேக்க முடியாது."

பாப்பாவுக்கு அப்பா ஜாடையில் வந்தது அந்தச் சுருட்டை ஒன்றுதான். மூக்கு, முகவாய், பிடிவாதம் எல்லாம் அம்மா வீட்டுச் சரக்கு.

மணி இரண்டரை.

அப்பா வெறுங்கையோடு வரவில்லை. காகிதத் தட்டின் நடுவே ஓட்டை போட்டு ஒரு தொப்பி. கண்ணை மூட மடித்த துண்டு. அண்ணாந்து பார்க்கட்டும் என்று கூரையில் ஒட்டிய பூனைப் படம்.

பாப்பா தொப்பியைக் கிழித்தாள். துண்டைத் தண்ணீரில் முக்கினாள். பூனையை அண்ணாந்து பார்த்தவள், அது கீழே இறங்கி வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றாள்.

அப்பா ஸ்டூல் போட்டு ஏறினார். வால் மட்டும் கையோடு வந்தது.

வாலுக்காகக் கால் மணி நேரம் அழுகை. மூன்றாவது மாடிப் புறாக்கள் குஞ்சு குளுவானோடு அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தன.

மூன்று மணிக்கு அப்பா குவளையைக் கையில் எடுத்தார். பாப்பா குழாய்க் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் கம்பிதான் பெயர்ந்து வரும்.

"நீ மொதல்ல."

அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்பாவுக்கு எதுக்குடா கண்ணு? அப்பா தலை சுத்தமாத்தானே இருக்கு."

"நீ மொதல்ல."

தலையில் தண்ணீர் விழுந்து எத்தனை வருஷம் என்பது அவருக்கே நினைவில்லை. ஈரத்துண்டால் துடைத்துத் துடைத்தே காலத்தை ஓட்டியவர். குளியலறைத் தாழ்ப்பாளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ரகசியம் அது.

மூன்று பத்து. மூன்றே கால்.

அவர் சுருட்டையைப் பார்த்தார். குவளையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, பாப்பாவின் பிளாஸ்டிக் தொட்டிக்குள் முழங்காலும் மூக்கும் முட்ட உட்கார்ந்தார்.

பாப்பா இரண்டு கையாலும் குவளையைத் தூக்கிக் கவிழ்த்தாள்.

அப்பா அலறிய அலறலில் ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது. கீழே நின்ற இரண்டு கார்கள் சேர்ந்து கூவின. தெருவில் போன ஆம்புலன்ஸ் நின்று, நம்ம ஆளா என்று கேட்டுவிட்டுப் போனது.

பாப்பா திறந்த வாய் மூடாமல் பார்த்தாள். இந்தச் சுருதி அவளுக்கே எட்டியதில்லை.

பிறகு காரியத்தில் இறங்கினாள். சொட்டச் சொட்ட இருந்த துண்டை எடுத்து அப்பாவின் கண்ணில் வைத்து அழுத்தினாள். வாலில்லாத பூனையைக் காட்டி அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். "அவ்ளோதான், அவ்ளோதான், முஞ்சு போச்சு" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

இரண்டாவது குவளைக்கு அப்பா கொஞ்சம் கம்மியாகக் கத்தினார். மூன்றாவதற்கு வெறும் தேம்பல். ஆறாவது குவளை விழுந்தபோது, விழுந்ததா என்று அவரே கேட்டார்.

சமர்த்து என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பாப்பா தானும் தொட்டிக்குள் இறங்கினாள். இனி எப்படி உட்கார வேண்டும் என்று அவருக்குக் காட்டுவதற்காகவே, தலையை அண்ணாந்து நீட்டினாள்.

கஞ்சி கரைந்தது. பென்சில் வந்தது. பொத்தான் கிடைத்தது. எறும்பு நீந்திக் கரையேறியது.

நாலு மணிக்கு அம்மாவும் முடிவெட்டுபவரும் உள்ளே வந்தார்கள். பாப்பாவின் தலை பளபளவென்று மின்னியது. முடிவெட்டுபவர் ஒரு சுருளை விரலில் சுற்றிப் பார்த்தார். இதில் கத்திரி வைக்கத் தன் கைக்கு மனசு வராது என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். கண்ணும் மூக்கும் சிவந்து, போர்த்திய துண்டுக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப அழுதாளா?"

"அவளா? மூச்சு விடல."

அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை. நாலரைக்கு வேலைக்குப் போயாக வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. நகராட்சி நீச்சல் குளத்தின் கரையில், கசங்காத சட்டையும் கழுத்தில் விசிலுமாக நின்று, ஆழமான பக்கத்தைக் கை காட்டி, "பயப்படாம குதி, நான் இருக்கேன்ல" என்று சொல்லிச் சொல்லியே ஆயிரத்து இருநூறு பேரை நீந்த வைத்த வாத்தியார் அவர்.