பிரெஞ்சுச் சீட்டுக்கட்டில் எது பெரிசு

லத்தா தெருவில் பகல் மின்வெட்டு. மைமூன் அக்காவின் குடைக்கடைக்குள் வெயில் பாதிக் கதவு வழியே நுழைந்து, மேசைமேல் இருக்கும் என் சீட்டுக்கட்டில் விழுகிறது. யாரோ பிரெஞ்சுப் பயணி விட்டுப்போன கட்டு. அதில் ராஜாவுக்கு R, ராணிக்கு D, ஜாக்கிக்கு V. இந்த மூன்று எழுத்தை வைத்தே தெருவில் நான் சீட்டுப் பேராசிரியர், இன்று நடுவர். வீட்டுக்கு ஒருவன் என்று அரசாங்க உத்தரவு; அக்காவின் இரண்டு பிள்ளைகளில் ஒருவன் பட்டாளத்துக்குப் போயாக வேண்டும். பெரிய சீட்டு எடுப்பவன் வீட்டில் இருப்பான். குலுக்கும்போது ஏதோ ஜோக் அடிக்கிறேன். எனக்கே சிரிப்பு வரவில்லை. மூத்தவன் யாசர் எடுத்தது D. இளையவன் மாஹிர் எடுத்தது V. சீட்டையே தொட்டறியாத மாஹிர் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறான். "எது பெரிசு மாமா?" அக்காவின் கையில் விசிறி நின்றுவிடுகிறது. நான் வாயைத் திறக்குமுன் யாசர் முந்திக்கொள்கிறான். "உன்னுதுதான்டா ராஜா. கையில ஈட்டி பாரு. என்னுது வெறும் ராணி. சரிதானே மாமா?"

போன வாரம் இதே ராணியால் என் ஜாக்கியை வெட்டிவிட்டு, தெரு முழுக்க என்னைக் கிண்டலடித்தவன் இவன். அவன் கண்கள் என்னை விடவில்லை. தலையாட்டுகிறேன். யாசர் சீட்டுகளை அடுக்கி, கட்டைத் தன் லோஞ்சிக் கைலி மடிப்பில் செருகிக்கொள்கிறான். என் காதருகே குனிகிறான்.

"இத நான் கொண்டு போறேன் மாமா. இங்க கெடந்தா தம்பி ஆடக் கத்துக்குவான்."