பதினோராவது கேள்வி

"அஞ்சு மாசப் பிள்ளத்தாச்சி நிக்கிறேன், நீ சம்மணம் போட்டு உக்காந்திருக்க. எழுந்திருடா!"

"குஷன் வச்ச சேர் இது ஒண்ணுதான்க்கா. உனக்கு நான் குடுத்ததுக்கு, ஆயுசுக்கும் நீதான் நிக்கணும்" என்றான் தம்பி.

"ஆரம்பிச்சுட்டான்யா! அஞ்சு வயசுல குடுத்ததை இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக் காட்டுவ? அதுவும் லேசுலயா குடுத்த? கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவனை ஐஸ்கிரீம் காட்டித்தானே வெளிய இழுத்தாங்க!"

ஸ்கேன் சென்டரே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய கரு. 'ரத்தப் பரிசோதனையில ஏதோ சரியில்ல, நேர்ல வாங்க' என்று போன் வந்ததிலிருந்து மனுஷனுக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை.

அந்தப் பரிசோதனைக்கான நாலு பக்க ஃபாரத்தைப் பூர்த்தி செய்தவன் தம்பிதான். அவன் பூர்த்தி செய்கிற அழகே தனி. முதல் கேள்வியைப் படிப்பான்; மிச்சம் எல்லாவற்றுக்கும் 'இல்லை'யில் சரசரவென்று டிக் அடிப்பான். "ஒண்ணுக்கு 'ஆமா'ன்னு போட்டா ஒன்பது கேள்வி கேப்பாங்க மாமா" என்று விளக்கம் வேறு.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா அக்காவின் வயிற்றில் ஜெல்லைத் தடவிவிட்டு, கால் மணி நேரம் திரையைப் பார்த்தார். அப்புறம் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"ஸ்கேன்ல குழந்தை நல்லா இருக்கு. இதயம், மூளை, முதுகெலும்பு எல்லாம் கச்சிதம். பொண்ணா பையனான்னு சொல்லக் கூடாதுதான், ஆனா இந்த ரிப்போர்ட்டுக்காகச் சொல்லியாகணும்: பொண்ணு."

மாமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஆனா அம்மாவோட ரத்தத்துல ஆண் குரோமோசோம் இருக்கு. வயித்துல பையன் இருந்தா அவனோடது கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலக்கும்; பொண்ணுன்னா அது இருக்கவே கூடாது. குழந்தைக்குக் குரோமோசோம்ல ரொம்ப அபூர்வமான கோளாறு இருந்தா இப்படி வரலாம்."

வந்த மூச்சு போய்விட்டது. "ஐயோ, எம் பொண்ணுக்கு என்ன டாக்டர்?" என்று அக்கா வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். மாமா தலை சுற்றிச் சுவரைப் பிடித்தார். அது சுவர் இல்லை, திரைச்சீலை. கொக்கிகளோடு அவர் மேலேயே வந்து விழுந்தது.

"அழாதீங்கம்மா. ஊசி போட்டு கர்ப்பப்பைத் தண்ணியை எடுத்துப் பார்த்துடலாம்." டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "எனக்கு ஒண்ணுதான் உறுத்துது. குழந்தைகிட்டேயிருந்து வந்திருந்தா ஏதோ கொஞ்சம்தான் தெரியணும். இது ரத்தம் முழுக்கக் கொட்டிக் கிடக்கு! ஃபாரத்துல எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்களே, படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

மாமாவைத் திரைச்சீலையிலிருந்து உருவிக்கொண்டிருந்த தம்பி அப்படியே நின்றுவிட்டான்.

"அதைக் கொஞ்சம் குடுங்க டாக்டர்."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு ஃபாரத்தை விரல் வைத்து, வரிவரியாகப் படித்தான். பதினோராவது கேள்வியில் விரல் நின்றது. முகத்தில் அசடு வழிய, ஃபாரத்தை டாக்டரம்மாவிடமே திருப்பி நீட்டினான்.

அவர் உரக்கப் படித்தார்: "ரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை, வேறொருவரிடமிருந்து எடுத்து உங்களுக்குச் செலுத்தப்பட்டிருக்கிறதா?"

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. தம்பி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"அக்கா ரத்தத்துல இருக்கற அந்த ஆம்பளை நான்தான், டாக்டர்."